செக்ரோலில் எண்பத்தைந்தாவது பெயர்

"ஹெ" என்று ஆரம்பித்து வாயை மூடிக்கொண்டார் சில்வஸ்டர். எதிரே குளியலறைக் கண்ணாடியில், பற்பசை நுரையோடு ஐம்பத்தெட்டு வயது முகம் ஒன்று காத்திருந்தது. ஹெலினா என்ற பெயரில் எந்த எழுத்தை ஓங்கி அடிப்பது, எதைத் தடவிக்கொடுத்து விடுவது என்று அந்த முகத்துக்கும் தெரியவில்லை.

"தண்ணி ஆறுது," என்றாள் வெளியே மனைவி சகாயமேரி. "குளிக்கறீங்களா, ஜெபம் பண்றீங்களா?"

"பேர் சொல்லிப் பாக்கறேன்."

"யார் பேரு?"

"லண்டன்காரம்மா பேரு."

"குளிச்சிட்டு வந்து சொல்லுங்க. பூசைக்கு மணி அடிச்சாச்சு," என்றாள்.

பிக்கட்டிக்கு மேலே இருக்கும் கெல்வர்டன் எஸ்டேட்டில் சில்வஸ்டர் செக்ரோல் கிளார்க். செக்ரோல் என்பது தொழிலாளர்களின் ஆஜர்ப் புத்தகம். காலை ஏழரைக்கு ஃபாக்டரி மைதானத்தில் எல்லோரும் வரிசையாக நிற்பார்கள். அதற்குப் பெரட்டு என்று பெயர். சில்வஸ்டர் ஒரு கல் மேடைமேல் நின்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். மைக் கிடையாது. மூடுபனியில் கடைசி வரிசை கண்ணுக்குத் தெரியாத நாட்களிலும் அவர் குரல் போய்ச் சேரும். அவர் வாயைத் திறக்கிற திறப்பில், கடைவாய்ப் பல்லில் அடைத்த வெள்ளி முன்வரிசைக்கு மினுங்கும். இசக்கியம்மா என்றால் ஏழு எழுத்துக்கும் சமபங்கு. முப்பத்தொரு வருடமாக எந்த எழுத்தும் தனக்குக் குறைந்துவிட்டதாகப் புகார் சொன்னதில்லை.

அந்த முப்பத்தொரு வருடம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. ஓய்வு என்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். மகள் லிஜி ஊட்டியில் நர்ஸிங் கடைசி வருடம் படிக்கிறாள். இத்தலாரில் கட்டத் தொடங்கிய சொந்த வீடோ கூரை இல்லாமல் நான்கு மழைக்காலத்தைப் பார்த்துவிட்டது. ஒரே ஒரு வருடம் பணி நீட்டிப்புக் கேட்டு அவர் கொடுத்த மனு மேனேஜர் பிரசாத்தின் மேசையில் கண்ணாடிக் குண்டுக்கு அடியில் கிடந்தது.

வெள்ளிக்கிழமை பிரசாத் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"சில்வஸ்டர், அடுத்த சனிக்கிழமை ஹெலினா பர்னெல் மேடம் வர்றாங்க. லண்டன்ல பெரிய டீ கம்பெனி. நம்ம தூளை வாங்கலாமான்னு பாக்கத்தான் வர்றாங்க. அவங்க கொள்ளுத்தாத்தா இங்க துரையா இருந்தவராம். எஸ்டேட்டைப் பத்தி ஒரு கவிதை எழுதியிருக்கார். வரவேற்பும் நீங்க, கவிதை படிக்கறதும் நீங்க."

"நானா சார்?"

"சர்ச்சுல இங்கிலீஷ் பூசைக்கு வாசகம் நீங்கதானே படிக்கறீங்க. ஆனா பேர் மட்டும் கரெக்டா வரணும். போன வருஷம் நடந்தது ஞாபகம் இருக்கில்ல?"

ஞாபகம் இல்லாமல் என்ன. போன வருடம் மாரிஸ் என்று ஒருவர் வந்தார். சில்வஸ்டர் மைக்கில் 'மாரிஸ்' என்று வரவேற்றார். வந்தவர் எழுந்து வந்து, அதே மைக்கில், "மொ-ரீஸ்" என்று திருத்திவிட்டுப் போய் உட்கார்ந்தார். டீயைக்கூட முழுதாகக் குடிக்கவில்லை. ஆர்டரும் வரவில்லை. ஒரு 'ரீ'யை அழுத்தாததால் ஒரு லாரித் தூள் நின்றுபோனதாக எஸ்டேட்டில் இன்றைக்கும் பேச்சு.

"மேடத்துக்கே ஒரு போன் போட்டுக் கேட்டுட்டா என்னங்க சார்?"

பிரசாத்துக்கு உதட்டை முழுதாக மூடிய மீசை. அது அசைந்தால் அவர் பேசுகிறார் என்று அர்த்தம். மீசை அசைந்தது.

"அவங்க போனே எடுக்கறதில்லை. எல்லாம் மெயில்தான். பெரிய இடம் சில்வஸ்டர். மெயில்ல கேட்டா எழுத்து வரும், சத்தம் வருமா?" கண்ணாடிக் குண்டைத் தூக்கி, மனுவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குண்டைத் திரும்ப வைத்தார். "நிகழ்ச்சி நல்லபடியா முடியட்டும். அங்கேயே கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

இதனால்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் குளியலறைக்குள் அந்தக் கூத்து.

பூசை முடிந்ததும் சில்வஸ்டர் பஸ் பிடித்துக் குன்னூர் போனார். அங்கே எல்சா டீச்சர் இருந்தார். கான்வென்ட்டில் முப்பத்தெட்டு வருடம் இங்கிலீஷ் நடத்தியவர். சில்வஸ்டருக்கே நான்காம் வகுப்பு எடுத்தவர். எழுபத்தொன்பது வயதிலும் எதிரே இருப்பவர்கள் தப்பாகப் பேசினால் டீச்சருக்குப் பல் கூசும். அவர் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார்.

"ஹெலினா," என்று எப்போதும்போலச் சொன்னார் சில்வஸ்டர்.

டீச்சர் கண்ணை மூடித் திறந்தார்.

"இங்கிலீஷ்ல ஒரு சொல்லுக்கு ஒரு ராஜாதான் சில்வஸ்டர். அந்த அசைக்கு மட்டும்தான் அழுத்தம். மத்ததெல்லாம் குனிஞ்சு வழி விடணும். நீ எல்லாத்தையும் சமமா நடத்தறே. அது நல்ல மனசு. ஆனா இங்கிலீஷ் இல்லை."

"இதுல ராஜா யாருங்க டீச்சர்?"

"ஹெ." பின்னல் ஊசியால் டீப்பாயை ஒரு தட்டுத் தட்டினார். "*ஹெ*-லினா. *பர்*-னெல். ரெண்டுலயும் முதல் அசை. தட்டிச் சொல்லு."

சில்வஸ்டர் விரலால் தட்டிச் சொன்னார். பதினாறு முறை சொன்ன பிறகு டீச்சர் கவிதைக்குப் போனார். அது எட்டு வரிக் கவிதை. மழை விட்டுவிட்டது, தேயிலை தண்ணீர் குடிக்கிறது, நான் ஊருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன் என்று போய், மலையே, உன்னைக் கைவிட மாட்டேன் என்று முடியும். கைவிடுவதற்குத் துரை 'டெசர்ட்' என்ற சொல்லைப் போட்டிருந்தார்.

"இங்க ஜாக்கிரதை," என்றார் டீச்சர். "முன்னால அழுத்தினா பாலைவனம். பின்னால அழுத்தினாத்தான் கைவிடறது. நீ படிச்சது, மலையே உன்னைப் பாலைவனம் பண்ண மாட்டேன்னு ஆயிடுச்சு."

"பண்ணலைன்னுதானுங்களே சொல்றாரு. அதுவும் நல்லதுதானே."

டீச்சர் ஊசியைக் கீழே வைத்தார். பாடம் இன்னும் ஒரு மணி நேரம் நடந்தது.

வீட்டுக்கு வந்தபோது சில்வஸ்டருக்குத் தட்டாமல் பேச வராமல் போயிருந்தது. சாப்பாட்டு மேசையில், "*ர*சம்," என்று ஒரு தட்டு. "*அப்*பளம்," என்று ஒரு தட்டு.

"மேசை என்னங்க பண்ணுச்சு உங்கள?" என்றாள் சகாயமேரி.

"சகாய-*மே*-ரி, இது அழுத்தம்."

"இருபத்தெட்டு வருஷமா ஏய்னுதான் கூப்பிட்டீங்க. அதுல எங்க வேணா அழுத்திக்குங்க. என் பேர விட்டுருங்க."

ஆனாலும் அவளுக்குக் கணவன்மேல் இரக்கம் வந்துவிட்டது. சும்மா இருந்திருக்கலாம். அண்ணன் மகன் பிரைட்டனுக்குப் போன் போட்டாள். பிரைட்டன் கோயம்புத்தூரில், வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குப் போனில் சமாதானம் சொல்லும் வேலை பார்க்கிறவன். ஒரு நாளைக்கு நூறு வெள்ளைக்காரர்களிடம் திட்டு வாங்குகிறவனுக்குத் தெரியாத உச்சரிப்பா என்பது அவள் கணக்கு.

"மாமா, முதல்ல எல்லாம் அழுத்தாதீங்க. அது பாட்டி காலம்," என்றான் பிரைட்டன். "ஹெ-*லீ*-னா. என் மேலதிகாரி பேரே அதுதான். தப்பாச் சொன்ன அன்னைக்கு எனக்கு லீவு தரல. இன்னொரு பேர் என்ன, பர்னெல்லா? அது பர்-*னெல்*. கடைசில."

"டீச்சர் ரெண்டும் முதல்லன்னாங்களே."

"அப்ப ரெண்டுல ஒண்ணு டீச்சர் சொல்றது, ஒண்ணு நான் சொல்றதுன்னு வச்சுக்குங்க. ஏதாவது ஒண்ணு சரியா வந்துரும்."

இந்த யோசனையால், ஒரு வழி இரண்டாகி, இரண்டு வழி நான்காகிவிட்டது. முன்-முன், முன்-பின், நடு-முன், நடு-பின். சில்வஸ்டர் நான்கையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு ராத்திரிச் சாப்பாட்டைத் தவறவிட்டார்.

திங்கட்கிழமை காலையில் பெரட்டுக்குப் போகும் வழியில்தான் அவருக்கு அந்த யோசனை தோன்றியது. குளியலறையில் சொல்வது வேறு, திறந்த வெளியில் ஆட்கள் முன்னால் சொல்வது வேறு. நிகழ்ச்சியும் இதே மைதானத்தில்தான். செக்ரோலில் எண்பத்து நான்கு பெயர் இருக்கிறது. கடைசியில் பென்சிலால் எண்பத்தைந்தாவதாக ஒன்றை எழுதி, தினம் ஒரு வழியில் கூப்பிட்டுப் பார்த்தால் எது வாயில் உட்காருகிறது என்று தெரிந்துவிடும். ஆள் இல்லாத பெயர். யார் பதில் சொல்லப் போகிறார்கள்?

எண்பத்து நான்கும் முடிந்தது. சில்வஸ்டர் தொடையில் தட்டிக்கொண்டு டீச்சர் வழியில் கூப்பிட்டார்.

"*ஹெ*-லினா *பர்*-னெல்."

"இருக்குங்கய்யா," என்றது ஒரு குரல்.

சில்வஸ்டர் தாளிலிருந்து தலையைத் தூக்கினார். மூன்றாவது வரிசையில் பேச்சியம்மா கொழுந்துக்கூடையை மாட்டிக்கொண்டு நின்றாள்.

ஒரு வழக்கத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். பெரட்டில் பெயர் கூப்பிடும்போது ஆள் இன்னும் வந்து சேரவில்லை என்றால், பக்கத்தில் நிற்பவர்கள் 'இருக்கு' என்று குரல் கொடுத்துவிடுவார்கள். குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு வருவாள், பாதி வழியில் இருப்பாள். பத்து நிமிடம்தானே. சில்வஸ்டர் இதைக் கண்டும் காணாமல் விட்டுவிடுவார். பேச்சியம்மா இதில் தாராள மனசுக்காரி. யாருக்கு என்று கேட்கமாட்டாள். பதில் இல்லாமல் ஒரு பெயர் அந்தரத்தில் நிற்பதை அவளால் தாங்க முடியாது.

"எங்க இருக்கு?" என்றார் சில்வஸ்டர்.

"வந்துட்டிருக்குங்கய்யா. புதுசு பாருங்க, வழி தெரியாது."

தொழிலாளர் குடியிருப்பான மேல் லைன் வீடுகளில் ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பங்கள் ஏழெட்டு இருந்தன. ஹெலினா என்றால் அங்கே வந்திருக்கும் புதுப் பெண் என்று பேச்சியம்மா முடிவு செய்துவிட்டாள். அப்படி யாரும் இல்லை என்று சொல்லலாம்தான். சொன்னால், இல்லாத ஆளின் பெயர் செக்ரோலில் எப்படி வந்தது என்று கேள்வி வரும். ஓய்வு பெறப் போகும் மாதத்தில் ஒரு செக்ரோல் கிளார்க்கைப் பார்த்துக் கேட்கக்கூடாத ஒரே கேள்வி அதுதான். சில்வஸ்டர் புத்தகத்தை மூடினார்.

செவ்வாய்க்கிழமை பிரைட்டன் வழியில் கூப்பிட்டார். "ஹெ-*லீ*-னா பர்-*னெல்*."

"காய்ச்சலுங்கய்யா. லைன்ல படுத்திருக்கு," என்றாள் பேச்சியம்மா.

"நீ பாத்தியா?"

"மேல் லைன் பொம்பளைகள விசாரிச்சேனுங்க. ஆமாங்கறாங்க."

மேல் லைன் பெண்களுக்குத் தமிழ் தெரியாது. கேட்டதற்கெல்லாம் சிரித்துத் தலையாட்டுவார்கள். பேச்சியம்மா, புள்ளைக்குக் காய்ச்சலா என்று கேட்டிருக்கிறாள், தலையாட்டியிருக்கிறார்கள். குளிருக்குப் போர்வை இல்லையா என்று கேட்டிருக்கிறாள், அதற்கும் ஆட்டியிருக்கிறார்கள்.

புதன்கிழமை கலந்து கூப்பிட்டார். காய்ச்சல் நிமோனியா ஆகியிருந்தது. எந்தப் பக்கம் அழுத்தினாலும் பேச்சியம்மா பதிலோடு நின்றாள். எது சரியான உச்சரிப்பு என்று தெரிந்துகொள்ள வந்த சில்வஸ்டருக்கு, அந்தப் பெண்ணின் உடம்பு எப்படி இருக்கிறது என்பது மட்டும் தினமும் தெரிந்தது.

வியாழக்கிழமை காலையில் ரப்பரை எடுத்து எண்பத்தைந்தாவது பெயரை அழித்துவிட்டு, எண்பத்து நான்கோடு நிறுத்தினார். வரிசை கலையவில்லை.

"ஐயா, ஒரு பேர் விட்டுப்போச்சு," என்றாள் பேச்சியம்மா.

"அது எடுத்தாச்சு."

"எடுத்தாச்சுன்னா?" அவளுக்குப் பின்னால் முப்பது பெண்கள் கூடைகளை இறக்கி வைத்தார்கள். "சீக்காக் கெடக்கற புள்ள. ஊரு விட்டு ஊரு வந்தது. நாலு நாள் படுத்துட்டான்னு பேர அடிச்சுருவீங்களா? நாளைக்கு எங்களுக்கும் இதானே? நீங்க நல்லவருன்னு நெனச்சோமுங்க."

ஜன்னல் வழியாக மேனேஜர் ரூமில் ஒரு மீசை எட்டிப் பார்த்தது. சில்வஸ்டர் அவசரமாகப் பெயரைத் திரும்ப எழுதினார். இம்முறை பேனாவால் எழுதச் சொன்னார்கள். எழுதினார். சத்தமாக ஒருமுறை கூப்பிடச் சொன்னார்கள். கூப்பிட்டார்.

"இருக்குங்கய்யா," என்று முப்பது பேரும் சொன்னார்கள்.

பெண்கள் கூடைகளை மாட்டிக்கொண்டு மலையேறினார்கள். போகும்போது, சனிக்கிழமை நிகழ்ச்சி முடிந்ததும் எல்லோருமாகப் போய் அந்தப் பிள்ளையைப் பார்த்து ஒரு ஸ்வெட்டர் கொடுத்துவிட்டு வருவது என்று பேசிக்கொண்டது சில்வஸ்டர் காதில் விழுந்தது.

வெள்ளிக்கிழமை பிரசாத் தன் பங்குக்கு ஒரு உபகாரம் செய்தார்.

"ஹெட் ஆபீஸ்ல விசாரிச்சுட்டேன். முதல் பேர்ல நடுவுல, ரெண்டாவது பேர்ல முன்னால. அப்படியே சொல்லுங்க. அப்புறம், உங்க எல்சா டீச்சரையும் கூப்பிட்டிருக்கேன். முதல் வரிசை. இங்கிலீஷ் தெரிஞ்சவங்க நாலு பேர் இருந்தா மேடத்துக்கு நல்லாயிருக்கும்."

டீச்சர் வழியில் சொன்னால் மீசை சுருங்கும். மேனேஜர் வழியில் சொன்னால் டீச்சருக்குப் பல் கூசும். மேடத்துக்கு எது என்பது மேடத்துக்குத்தான் தெரியும். சில்வஸ்டர் அன்று மேசையில் தட்டக்கூட இல்லை. அடுத்த மாதம் இந்த மேசையை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு வாடகைக் காரில் ஹெலினா பர்னெல் வந்து இறங்கினார். அறுபத்தைந்து வயது இருக்கும். காதை மூடிய நரைத்த முடி, மலை ஏறுகிறவர்களின் காலணி. பிரசாத் மாலை போட்டு, மூச்சு விடாமல் மூன்று நிமிடம் பேசினார். மேடம் அவர் மீசையையே உற்றுப் பார்த்துவிட்டு, எதற்கும் பதில் சொல்லாமல் புன்னகை செய்தார். அடுத்து எல்சா டீச்சர், குளிருக்கு மூக்குவரை சுற்றியிருந்த மஃப்ளருக்குள்ளிருந்து, அழுத்தம் பிசகாத ஒரு வாக்கியத்தைச் சொன்னார். அதற்கும் அதே புன்னகை.

"பெரிய இடம்," என்று பிரசாத் சில்வஸ்டரின் காதோடு சொன்னார். "லேசுல வாயத் தொறக்க மாட்டாங்க. நடுவுல, முன்னால. மறந்துராதீங்க."

சில்வஸ்டர் மேடை ஏறினார். மேடை என்பது அதே பெரட்டுக் கல்தான், சமுக்காளம் விரித்திருந்தார்கள். எதிரே முதல் வரிசையில் மேடம், மேனேஜர், டீச்சர். பின்னால் தொழிலாளர்கள் பழக்கப்படி பெரட்டு வரிசையிலேயே நின்றார்கள். மூன்றாவது வரிசையில் பேச்சியம்மா, கையில் ஒரு துணிப்பை.

அவர் தொண்டையைச் செருமினார். அப்போது மேடம் எழுந்து வந்து, அவர் முகத்துக்கு முன்னால் இருந்த மைக் ஸ்டாண்டை ஒரு கை தூரம் நகர்த்தி வைத்துவிட்டு, தலையசைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

"போட்டோவுக்கு மறைக்குது போல," என்று மீசை அசைந்தது.

இருந்த ஒரே துணையும் போயிற்று. தள்ளி நிற்கும் மைக்குக்கு எட்ட வேண்டுமானால் கத்தித்தான் ஆக வேண்டும். சில்வஸ்டர் எதிரே பார்த்தார். வரிசை வரிசையாக எண்பத்து நான்கு பேர். காலின் கீழே கல். மலையிலிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது. முன்னாலா, நடுவிலா, பின்னாலா என்பதெல்லாம் அவர் மண்டையிலிருந்து துடைத்துவிட்டாற்போல் போய்விட்டது. முப்பத்தொரு வருடப் பழக்கம் அவர் வாயை அகலத் திறந்தது. கடைவாய் வெள்ளி மினுங்கியது.

"ஹெ... லி... னா... பர்... னெல்."

எல்லா எழுத்துக்கும் சமபங்கு.

பதில் இல்லாமல் பெயர் அந்தரத்தில் நின்றது. அது பேச்சியம்மாவால் தாங்க முடியாத விஷயம்.

"இருக்குங்கய்யா," என்றாள். "இன்னும் காய்ச்சல் விடலைங்க."

ஆபீஸ்காரர்கள் சிரித்துவிட்டார்கள். டீச்சர் மஃப்ளரைக் கண்வரைக்கும் ஏற்றிக்கொண்டார். பிரசாத்தின் மீசை இரண்டு பக்கமும் தொங்கியது. சில்வஸ்டருக்கு இத்தலார் வீட்டின் கூரையில்லாத அறைகள் ஒவ்வொன்றாகக் கண் முன்னால் வந்தன.

ஆனால் முன்வரிசையில் மேடம் எழுந்து நின்றார். முகம் மலர்ந்திருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் வலது கையை உயரத் தூக்கிக் காட்டினார்.

பேச்சியம்மா எட்டிப் பார்த்தாள்.

"இதுவா அந்தப் புள்ள? இம்புட்டு வயசாச்சா இதுக்கு," என்றவள், யாரும் தடுப்பதற்குள் வரிசையிலிருந்து வெளியே வந்து, துணிப்பையைப் பிரித்து, ஒரு பச்சை ஸ்வெட்டரை எடுத்து மேடத்தின் தோளில் போர்த்திவிட்டாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "இப்ப தேவலாம்," என்று பின்னால் இருந்தவர்களுக்கு அறிவித்தாள். மேடம் அவள் கன்னத்தில் முத்தமிட்டார். போட்டோக்காரருக்கு அன்றைய நல்ல படம் அதுதான்.

இதற்குமேல் கெடுவதற்கு எதுவும் இல்லை என்பதால் சில்வஸ்டர் நிம்மதியாகக் கவிதையைப் படித்தார். அதையும் பெரட்டுக் குரலிலேயே படித்தார். கைவிட மாட்டேன் என்ற இடம் பாலைவனமா வேறெதுவுமா என்று அவரும் கவனிக்கவில்லை. எட்டு வரியும் முடியும்வரை மேடம் அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கடைசி வரியில் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு அவரே மேடைக்கு வந்து சில்வஸ்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு பேசினார். ஏற்ற இறக்கம் இல்லாத, கொஞ்சம் உரத்த குரல். அவர் இங்கிலீஷில் சொன்னதன் சாரம் இதுதான்.

"நான் இந்தியாவுக்கு வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. போன இடமெல்லாம் வரவேற்றார்கள். ஆனால் என் பெயர் யார் வாயிலும் எனக்குக் கிடைக்கவில்லை. இவர் ஒருவர்தான் அதை முழுதாக எனக்குச் சொன்னார். என் கொள்ளுத்தாத்தாவின் கவிதையிலும் ஒரு சொல்கூடக் கீழே விழவில்லை. இந்த எஸ்டேட்டோடு சேர்ந்து வேலை செய்ய எனக்கு விருப்பம்."

கைதட்டல் அடங்கச் சிறிது நேரம் ஆயிற்று. பிரசாத் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த மனுவை எடுத்து, ஜீப்பின் பானெட்டில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"ஒரு வருஷம் என்ன சில்வஸ்டர், ரெண்டு வருஷம்னு திருத்தியிருக்கேன். இனிமே வெளிநாட்டு ஆளுங்க யார் வந்தாலும் நீங்கதான். நல்ல வேளை, அந்தக் காய்ச்சல் சமாசாரத்தைக் கேட்டும் கேக்காத மாதிரி இருந்துட்டாங்க. அதுதான் பெரிய மனுஷத்தனம்."

எல்சா டீச்சர் மஃப்ளரை இறக்கிவிட்டுச் சில்வஸ்டரைத் தனியே கூப்பிட்டார். முப்பத்தெட்டு வருட அனுபவம் அவர் முகத்தில் ஆட்டம் கண்டிருந்தது.

"நீ எந்த அசையை அழுத்தினே?"

"எதையும் அழுத்தலைங்க டீச்சர். எல்லாத்தையும் சமமா விட்டுட்டேன்."

டீச்சர் யோசித்தார். கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார்.

"அதுதான் பழைய குடும்பங்கள்ல வழக்கம் போல இருக்கு. எங்களுக்கு யாரும் சொல்லித் தரல," என்று எழுதிக்கொண்டார். "இன்னொரு தடவை சொல்லு."

சில்வஸ்டர் சொன்னார். டீச்சர் கூடச் சேர்ந்து தட்டாமல் சொல்லிப் பார்த்தார்.

மேடம் ஃபாக்டரியைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தார். சில்வஸ்டர் சகாயமேரிக்குப் போன் செய்து, சாமான் கட்ட வேண்டாம் என்று சொன்னார். "ஏய்னு ஒருக்காக் கூப்பிடுங்க," என்றாள். கூப்பிட்டார்.

ஃபாக்டரிக்குப் பின்னால் டீயும் வர்க்கியும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மேடத்தின் கார் டிரைவர் சங்கிலி ஒரு பலகையில் உட்கார்ந்து வர்க்கியை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். மேட்டுப்பாளையத்துக்காரர். கொச்சியிலிருந்து நான்கு நாளாக மேடத்தோடு வருகிறவர். சில்வஸ்டர் தன் டம்ளரோடு பக்கத்தில் போய் உட்கார்ந்தார். வெற்றி பெற்ற மனிதருக்கு இன்னும் ஒரே ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது.

"ஏனுங்க, நாலு நாளாக் கூடவே இருக்கீங்களே. நீங்க அவங்க பேர எப்படிங்க கூப்பிடுவீங்க? முன்னால அழுத்தியா, நடுவுலயா, இல்ல என்னாட்டம் சமமாவா?"

சங்கிலி வர்க்கியை வாயில் போட்டு மென்று முடித்தார்.

"நான் எங்கீங்க கூப்படறது. அந்தம்மாவுக்கு ரெண்டு காதும் கேக்காதுங்களே. நேரா மூஞ்சிக்கு முன்னால நின்னு, உங்களாட்டம் நல்லா வாயத் தொறந்து காட்டினாத்தானுங்க புரியும்."